அது தெலுங்கு இல்லை

ஊத்துக்கோட்டையில் எந்த மொழியில் தொடங்கி
எதில் முடித்தார் என்று
யாரும் கணக்கு வைப்பதில்லை.
பாக்கிக்குத் தமிழில் சண்டை,
சமாதானம் தெலுங்கில்.
அதனால்தான் முனிரத்தினம்
டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து
வாய்க்குள்ளேயே எதையோ பிசைந்தபோது
டீ மாஸ்டர் அதைத் தெலுங்கு என்று எடுத்துக்கொண்டார்.
பக்கத்திலிருந்த சத்தியவேட்டுக்காரர்
தமிழாக்கும் என்று தலையாட்டினார்.
டம்ளர் சாய்ந்து வேட்டியில் கொட்டியது.
கொதிக்கிற டீ.
அவர் உதறவில்லை.

எதிரே என் மருந்துக்கடை.
காலாவதியான சிரப்புகளைப் பிரித்துக்கொண்டிருந்தவள்
அந்த உதறாத கையைத்தான் முதலில் பார்த்தேன்.

எனக்கு இப்படிப் பார்க்க வந்தது தேசம்மாவால்.
மாசியில் ஒரு நாள், பூக்கூடையை இறக்காமலே,
"நெஞ்ச அடைக்குது, கேஸு போல.
தாடை வரைக்கும் இழுக்குது" என்றாள்.
ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது.
வெயில் என்று நினைத்தேன்.
மின்விசிறிக்குக் கீழேயும் வேர்த்தது.
அப்போதும் வெயில் என்றே நினைத்தேன்.
ரோஸ் நிற மருந்து, நாற்பத்தெட்டு ரூபாய்.
ஐம்பது தந்தாள். இரண்டு ரூபாய் சில்லறை இல்லை.
"நாளைக்கு வாங்கிக்கிறேன்."
அரசு ஆஸ்பத்திரி என் கடையிலிருந்து முந்நூறு அடி.
ஈசிஜிக்குக் காசு கேட்க மாட்டார்கள்.
அந்த முந்நூறு அடியை
நான் அவளுக்குச் சொல்லவில்லை.

ரோட்டைத் தாண்டினேன்.
"அண்ணே, கொஞ்சம் சிரிங்க."
பெஞ்சிலிருந்த மற்றவர்கள் சிரித்தார்கள்.
அவரும் சிரித்தார், பாதி.
மறுபாதி முகம்
வேறு யாருக்கோ காத்திருப்பதுபோல் சும்மா இருந்தது.
"ரெண்டு கையும் தூக்குங்க."
இடது கை வந்தது.
டீ பிடித்திருந்த கை தொடையிலேயே கிடந்தது.
"என் பேரச் சொல்லுங்க."
மாதக் கணக்கில் கடன் சொல்லி
பிரஷர் மாத்திரை வாங்கியவர்,
கடனுக்குக் கூச்சப்பட்டு இரண்டு மாதமாக வராதவர்.
என் பெயர் அவர் வாயில்
ஈர மாவாக உடைந்தது.

ஒருவர் சோடா உடைத்தார்.
"வேணாம், புரையேறும்."
ஒருவர் சாவிக்கொத்தை உள்ளங்கையில் திணித்தார்.
"வலிப்பு இல்லைங்க இது."
நூற்றெட்டை அழுத்தினேன்.
எங்கள் ஊர் டவருக்கும் எல்லை தெரியாது.
"செப்பண்டி" என்றது ஒரு பெண்குரல்.
ஆந்திராவில் போய் விழுந்திருக்கிறது.
அவள் வைத்துவிடவில்லை.
நம் பக்கம் மாற்றிவிடும் வரை
"எப்புடு மொதலைந்தி? எப்புடு?" என்றாள்.

அதற்கு மட்டும் எல்லோரிடமும் பதில் இருந்தது.
திருப்பதி பஸ் திரும்பும்போது நல்லாத்தான் இருந்தார்.
இல்லையில்லை, அதற்கப்புறமும் பேப்பர் கேட்டார்.
டீ மாஸ்டர் கண்ணை மூடி யோசித்தார்:
"ரெண்டாவது ஈடு வடை போட்டேன்.
உப்பு கம்மின்னு திட்டினாரு. தெளிவா திட்டினாரு."
எட்டு நாற்பது.
மாத்திரைக் கவரில் எழுதி
அவர் சட்டைப் பையில் வைத்தேன்.
ஸ்கேன் திருவள்ளூரில்.
அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்,
அதில் இருபது நிமிடத்தை
நாங்கள் மொழி பிரித்துப் பார்த்தே தின்றிருந்தோம்.
வண்டி ஆரணியாற்றுப் பாலத்தில் ஏறும்போது
அவர் மனைவி சுகுணம்மா
ஒற்றைச் செருப்போடு உள்ளே இருந்தாள்.

ஆறு வாரம் கழித்து வந்தார்.
உதடு சற்றே கோணல்.
தமிழ் வந்துவிட்டது,
பிறந்ததிலிருந்து பேசிய தெலுங்கு இன்னும் வரவில்லை.
சுகுணம்மா தெலுங்கில் திட்டுகிறாள்,
அவர் தமிழில் மன்னிப்பு கேட்கிறார்.
"இவரோட புதுசா குடித்தனம் பண்றேன்" என்கிறாள்,
அழுகையா சிரிப்பா தெரியவில்லை.
பழைய கடனைத் தீர்த்து
மாத்திரைக்கும் கொடுத்துவிட்டு
மிச்சத்துக்குக் கை நீட்டினார், வலது கையை.
கொஞ்சம் நடுங்கியது, ஆனால் நீட்டினார்.
இரண்டு ரூபாய்.
"சில்லறை இல்லைங்க" என்றேன்.
கல்லாவின் மூலையில் ஒரு நாணயம் இருந்தது.
அது அவருடையது இல்லை.