இருபது புள்ளி

காரைக்குடி, கழனிவாசல் சாலை.
ஃப்ளெக்ஸ் கடையில் ராத்திரி ஆபரேட்டர் நான்.
எந்த முகம் வந்தாலும் முதல் வேலை
இருபது புள்ளி வெளுப்பு.
காதுகுத்து, கட்சிக்காரர், கண்ணீர் அஞ்சலி.
செத்தவருக்கும் சேர்த்துத்தான்.
கூட்டச் சொன்னவருண்டு,
வேண்டாமென்றவரில்லை.

எஃபுவா பென்டிரைவோடு வந்தாள்.
கானாக்காரி. பல்கலைக்கழகத்தில்
கடல்பாசி ஆராய்ச்சி.
பத்தடிக்கு ஆறடி, கண்காட்சிக்கு.

சனியின் வளையத்தில் ஒரு பெண்
தலைக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டுப்
பின்னலை அவிழ்த்துக்கொண்டிருக்கிறாள்.
பின்னால் எங்கள் ஊர்ப் பெரிய வீடு ஒன்று
தூண்கள், பூட்டு எல்லாமுமாக
நெருப்பைக் கக்கி மேலேறுகிறது.
ஓரத்தில் வருஷம்: 2190.

"ஆள் வராத வீடு,
எத்தனை நாள்தான் சும்மா நிற்கும்?"
அரைகுறைத் தமிழில் சிரித்தாள்.

பழக்கதோஷம்,
விரல் வெளுப்புக்குப் போய்விட்டது.
"அங்கேயுமா?" என்றாள்.

மூன்று மணிக்குக் கறுப்பு மை தீர்ந்தது.
எட்டு வருஷத்தில் மற்ற நிறங்களை முந்திக்கொண்டு
அது தீர்ந்தது அன்றைக்குத்தான்.
புது டப்பா உடைத்து ஊற்றினேன்.
நெற்றி, கழுத்து, விரல்கணு...
ஈரம் காயாமல், அவசரமில்லாமல்
வெளியே வந்துகொண்டிருந்தாள்.

அடுத்தது என் தங்கையின் நிச்சயதார்த்த பேனர்.
பெயர் வெள்ளையம்மா, குலசாமி பெயர்.
ஸ்டூடியோ பவுடரைத் தாண்டித்
தன் நிறத்திலேயே பார்த்தாள்.
கையை மடியில் வைத்துக்கொண்டேன் கொஞ்ச நேரம்.
அப்படியே பிரிண்ட் போட்டேன்.

விடிந்ததும் மாமா போன் பண்ணுவார்.
என்ன சொல்வதென்று தெரியவில்லை.
2190இல் கேட்டால்
சொல்லலாம்.