நோக்கம்: இதர

எங்கள் துறைக்குப் பெயர் மதுவிலக்கு.
குடிக்க உரிமம் தருவதும் நாங்கள்தான்.
முப்பத்தேழிலேயே, மாகாணத்தில் முதலாவதாக,
கள்ளுக்கடை அடைத்த மாவட்டம் சேலம் என்று
பயிற்சி வகுப்பில் சொன்னார்கள்.
சிரிப்பதா என்று தெரியாமல்
குறிப்பெடுத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை ஏற்காட்டிலிருந்து
செருப்பில் செம்மண்ணோடு ஒரு பெண் வந்தாள்,
பெர்நதெத் செல்வநாதன்.
ஒரு நாள் உரிமம். திறந்தவெளி. விருந்தினர் நாற்பது.
நோக்கம் என்ற கட்டத்தில்
திருமணம், மாநாடு, விளையாட்டு எல்லாம் தாண்டி
இதரவில் டிக் அடித்திருந்தாள். பக்கத்தில்
பொடி எழுத்தில்:
அப்பா இறந்து நாற்பதாம் நாள்.
அவர் கேட்டுக்கொண்டது.

துக்கத்துக்குக் குடிப்பவர்கள் விண்ணப்பிப்பதில்லை.
என் வீட்டுக்காரர் ஒரு நாளும் விண்ணப்பித்ததில்லை.

மேலே அனுப்பினேன்.
'பேசுக' என்று பச்சை மையில் திரும்பியது.
பேசினேன்.
இதர என்றால் இதரதானே, சார்.
கையெழுத்தானது.

இட ஆய்வுக்கு ஜீப்.
ஏழாவது கொண்டை ஊசியில் இறங்கி வாந்தி எடுத்தேன்.
காப்பி பூத்திருந்த நேரம், அந்த வாசனைக்கே
மறுபடி குமட்டியது.
அதே ஜீப்பில்தான் போன வாரம்
நாகலூர் தாண்டி ஒரு சரிவிலிருந்து
சடையனையும் அவர் ஊறல் பானைகளையும் இறக்கினோம்.
அம்மா கருமாதிக்குக் காய்ச்சினேன் என்றார்.
அவரிடம் படிவம் இல்லை,
படிவத்தில் அவருக்குக் கட்டமும் இல்லை.

டிரைவர் டேப்பின் ஒரு முனையைப் பிடித்தார்.
சர்ச் வாசலிலிருந்து புல்வெளிக்கு
நூற்றுப் பன்னிரண்டு மீட்டர். சரி.
புகைக்க ஓர் ஓரம், வேலிக்கு அப்பால்,
அறுபதுக்கு முப்பதில் ஒரு பலகை.
சிகரெட்டுக்குக் குறுக்கே கோடு வேண்டாமா மேடம்?
இங்கே வேண்டாம் என்றேன்.
அப்பா சுருட்டோடு நிற்கும் இடம் அதுதான் என்றாள் பெர்நதெத்,
பலகையை நிமிர்த்தியபடி.

இரவு ஏழு முதல் பதினொன்று.
இருப்பு முடிக்க நானும் இருக்க வேண்டும்.
ஸ்வெட்டர் போட்ட கிழவர்கள், மனைவிமார்,
மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக்கின் கீழே
யாரோ பழைய சிறுத்தைக் கதை சொல்ல
யாரோ அப்படி இல்லை என்று மறுக்க
பாட்டு இல்லை, மைக் இல்லை.
எனக்கு எலுமிச்சைச் சாறு.
பத்து ஐம்பதுக்கு எல்லோரும் எழுந்தார்கள்.
பெர்நதெத் ஒரு கண்ணாடி நிறைய ஊற்றி
மரத்தடியில் கவிழ்த்தாள்.
மண் உடனே குடித்துவிட்டது.

கணக்கில் நூற்றிருபது மில்லி உதைத்தது.
வரவு, செலவு, இருப்பு, உடைவு, கசிவு.
என் பேனா நின்றதைப் பார்த்து
"தப்பா மேடம்?" என்றாள்.
இல்லை என்று சொல்லி
கசிவில் எழுதினேன்.

திங்கட்கிழமை மேசையில் சடையன் கோப்பு,
நீதிமன்றத்துக்கு.
கைப்பற்றியது பதினைந்து லிட்டர்.
அழித்த முறை: மண்ணில் ஊற்றி.
சாட்சிக் கையெழுத்து
என்னுடையது.