ஒரு கிராமுக்கு எத்தனை நாள் வெயில்

வளையல் எங்கே என்று
செக்கானூரணிக் கல்யாணத்தில் நாத்தனார் முத்துப்பேச்சி கேட்டாள்.
மாடியில் இருக்கிறது என்றேன்.
சத்தமாகச் சொல்லாதே, காலம் கெட்டுக் கிடக்கு என்று
என் வெறும் மணிக்கட்டை
என் முந்தானையாலேயே மூடிவிட்டாள்.

ஆறு தகடு. மூன்று கிலோவாட்.
மானியம் போக என் பங்கு ஒரு லட்சத்துப் பத்தாயிரம்.
தெற்காவணி மூல வீதியில், தராசுத் தட்டில்
இரண்டு வளையலும் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன,
இரண்டு பவுன்.
மகளுக்கு ஏதும் விசேஷமா என்றார் கடைக்காரர்.
கரண்டுக்கு என்றேன்.
அவர் இன்னொரு தடவை நிறுத்துப் பார்த்தார்.

பரிசோதனை நிலையத்தில் எனக்கு எண்களோடுதான் பிழைப்பு.
சர்க்கரை, உப்பு, கொழுப்பு,
ஊரார் எண்ணெல்லாம் என் கையெழுத்தில்.
இப்போது எனக்கென்று ஒன்று.
கோரிப்பாளையத்தில் பதினொன்று நாற்பதுக்கு
யாரோ முஷ்டி மடக்கி முகத்தைத் திருப்பிக்கொள்ளும்போது
மேசையில் கைபேசி விழிக்கிறது:
இரண்டு புள்ளி ஏழு ஒன்று.
பூட்டிய வீட்டின் மேல், ஆனையூரில்,
ஒருத்தரும் சொல்லாமல் வேலை நடக்கிறது.

அந்நேரம் வீட்டில் ஓடுவது ஃப்ரிட்ஜ் மட்டும்.
மீதி கம்பி வழியே வெளியே.
எதிர்வீட்டுத் தவமணி அக்காவின் கிரைண்டரில்
உங்க வெயில்தான் உளுந்தாட்டுது என்றான்
மாட்டிக் கொடுத்த ஜெபராஜ்.
அக்காவிடம் சொன்னேன்.
நான் பில்லு கட்டுறேன்டி என்றாள்.
அதுவும் சரி.

சித்திரையில் கொட்டும் என்று நினைத்திருந்தேன்.
ஊரே வெந்து கிடக்கையில் தகடும் சோர்ந்துவிட்டது.
சூடேறினால் அதற்கும் முடியாதாம்.
மாசிதான் அதற்கு அறுவடை.
ஐப்பசியில் ஒரு நாள் மூன்றே யூனிட்.
மழை வந்துவிட்டதென்று தெருவே வாசலில் நிற்க
நான் ஒருத்தி மேகத்தைப் பார்த்து உதட்டைக் கடித்தேன்,
மதுரையில் பிறந்தவள் செய்யக்கூடாத காரியம்.

பராமரிப்பு நாள் இன்னும் மோசம்.
உச்சி வெயில். போட்ட துணி அரைமணியில் காய்கிறது.
திரையில் பூஜ்யம்.
லைனில் கரண்டு இல்லையென்றால் இதுவும் படுத்துக்கொள்ளும்,
கம்பத்தில் ஏறிய ஆளுக்கு ஷாக் அடிக்காமல் இருக்க.
பத்திரிகையால் விசிறிக்கொண்டே எட்டிப் பார்த்தேன்.
மேலே ஒருவர்.
கீழே அவர் செருப்பு, ஜோடியாக.
அன்றைய பூஜ்யத்தை மட்டும்
வருத்தமில்லாமல் எழுதினேன்.

டயரியில் இரண்டு பத்தி.
ரூபாய்ப் பத்தியில் பில்லுக்கு நாலாயிரம் மிச்சம்,
நாலு வருஷம் ஏழு மாதத்தில் போட்டது திரும்பும்.
அந்தப் பக்கம் நான் கெட்டிக்காரி.
அடுத்தது தங்கத்தில்.
விற்ற அன்று
ஒரு கிராம் என்பது நூற்று நாலு நாள் வெயில்.
போன தீபாவளிக்கு நூற்று நாற்பது.
இன்றைக்கு நூற்று எழுபத்து நாலு.
நான் கிட்டே போகப் போக
வளையல் எழுந்து நடக்கிறது.

அந்தப் பத்தியைக் கிழித்துப் போடு என்றார் வீட்டுக்காரர்.
ரிசல்ட் பிடிக்காமல் தாளைக் கிழித்தவர்களை
நிறையப் பார்த்திருக்கிறேன்.
ஒருத்தருக்கும் சர்க்கரை இறங்கியதில்லை.

ஞாயிறு, விடியுமுன் மாடி.
வாரத்துப் புழுதி, புறா எச்சம்.
முன்பெல்லாம் எதைத் துடைத்தாலும்
கூடவே ஒரு சத்தம் வரும்.
இப்போது ஈரத்துணி மட்டும்.
கண்ணாடியில் என் முகம் கருப்பாகத் தெரிந்ததும் நிறுத்துவேன்.
ஆறு பத்துக்கு முதல் எண்:
பூஜ்யம் புள்ளி பூஜ்யம் நாலு.

மோட்டார் போடவா என்று கீழேயிருந்து குரல்.
இருங்க, ஒன்பது மணி ஆகட்டும்.