காரணம் என்ற கட்டம்

நான்கு நிமிடம் பிந்தினால்
மஞ்சள் தாளில் எழுதித் தர வேண்டும்.
தடத்தில் பனி. கதவில் சிக்கிய கோட்டு நுனி.
தண்டவாளத்தில் உட்கார்ந்து
தன் நாயிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்த குடிகாரர்.
காரணம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டால்
பணிமனையில் வாங்க மாட்டார்கள்.

நான் வெல்கா. ரீகாவில் டிராம் ஓட்டுகிறேன்.
பிப்ரவரியில் எனக்கு
இருபத்திரண்டு நாள் தள்ளிப்போனது.
எழுதித் தர ஒரு தாள் இல்லை.

நாள் தள்ளினால் ஊர்வாயில் ஒரே காரணம்தான்.
பணிமனைச் சமையலறையில் அஸ்த்ரீடா
என் வயிற்றைப் பார்த்தாள்,
ஊறவைத்த வெள்ளரித் தட்டை
என் பக்கம் தள்ளினாள்.
ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை
குச்சியை நனைத்துப் பார்த்தேன்.
ஒற்றைக் கோடு.
ஒற்றைத் தடம், எதிரே வண்டி இல்லை.

பிறகு அது.
சாம்பல் படிந்த வெள்ளை, நீர்த்த கஞ்சிபோல.
பொழுது சாயும் நேரத்தில்
மீன் சந்தை மூடும் வாடை.
என்னிடமிருந்துதானா என்று
காலி வண்டியில் இருக்கை இருக்கையாக முகர்ந்து நடந்தேன்.
பூஜ்யத்துக்குக் கீழே பதினோரு டிகிரியில்
ஜன்னலைத் திறந்துவைத்து ஓட்டினேன்.
லாவெண்டர் சோப்பு.
இரண்டு வேளை லாவெண்டர் சோப்பு.
பிறகு ஷவர் குழாயைத் திருப்பிப் பிடித்து
உள்ளேயும்.
கழுவக் கழுவக் கூடியது.

டாக்டர் மிர்ட்சா
கருவியை வெந்நீரில் காட்டிச் சூடாக்கினாள்.
அதற்காகவே அவளை நம்பினேன்.
காகிதத் துணுக்கு ஒன்று நிறம் மாறியது.
நுண்ணோக்கியை என் பக்கம் திருப்பி
“பார்” என்றாள்:
ஓரமெல்லாம் மிளகுத்தூள் ஒட்டியதுபோல் செல்கள்.
“இது அழுக்கில்லை.
உள்ளே குடியிருப்பவர்களின் கணக்கு மாறிவிட்டது.
நல்லவர்கள் குறைந்துபோனார்கள்,
மிச்சமிருந்தவர்களை நீ சோப்புப் போட்டு விரட்டினாய்.
அந்த இடம் தன்னைத் தானே கழுவிக்கொள்ளும், வெல்கா.
அன்றாடம் படும் வெள்ளை அந்தத் தண்ணீர்தான்.”
யாரோடு படுத்தேன் என்று
காய்ச்சல் உண்டா என்பதுபோலக் கேட்டாள்.
சொன்னேன்.
அதற்கும் ஒரு குழாயில் எடுத்துக்கொண்டாள்.

தள்ளிப்போனது?
அது வேறு தடமாம்.
இரண்டும் ஒரே சந்திப்பில் நின்றதால்
ஒரே விபத்து என்று நினைத்திருக்கிறேன்.
எடை: எட்டு கிலோ குறைவு.
வேலை: டிசம்பரிலிருந்து இரவுகள்.
தூக்கம்?
நான் பதில் சொல்லவில்லை.
தட்டச்சை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள்.
அர்விட்ஸ் சாவியை
மேசைமேல் வைத்துவிட்டுப் போனதைச் சொன்னேன்.
தைராய்டுக்கு ரத்தம் எடுத்தார்கள்.
பணிமனையை விட்டே கிளம்பாத வண்டிக்கு
நிறுத்தத்தில் நின்று கடிகாரம் பார்க்கிறேன்,
முட்டை கிளம்பினால்தானே விலக்கு வரும்?
இதை அவள்தான் சொன்னாளா,
வீடு திரும்பும்போது நான் டிராம் பாஷையில் மாற்றிக்கொண்டேனா,
நினைவில்லை.

ஏழு நாள் மாத்திரை.
வாயில் எந்நேரமும் செம்புக்காசு சப்பிய ருசி.
அஸ்த்ரீடாவின் பிறந்தநாளில்
கறுப்பு பால்சத்தைத் தொடவில்லை.
அவள் கண்ணடித்தாள், தன் கணக்கு சரியென்று.
விட்டுவிட்டேன்.
வாடை எந்த நாள் போனது என்று எனக்கே தெரியாது.
நல்ல சேதி தட்டிவிட்டு வருவதில்லை.
தைராய்டில் குறையில்லை, குழாயிலும் ஒன்றுமில்லை.
சூப்பில் கிரீம் விட்டுக் குடிக்கச் சொன்னாள், கறாராக.
பகல் பணிக்குக் கடிதமும் எழுதித் தந்தாள்.

மார்ச் நடுவில்
தௌகவாவில் பனிப்பாளங்கள்
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு போயின.
கடைசி நிறுத்தத்துக் கழிப்பறையில்
காகிதத்தில் வேறொன்று:
தெளிவாக, வழவழவென்று,
முட்டையின் வெள்ளைக்கரு.
விரலிடையில் நூலாக நீண்டது, அறவில்லை.
போன மாதமாக இருந்தால்
சோப்பைத் தேடியிருப்பேன்.
மஞ்சள் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
வண்டி கிளம்பிவிட்டது.
இன்னும் பன்னிரண்டு நாள். பதினான்காகவும் இருக்கலாம்.

வெளியே தொப்பிக்காரர் ஒருவர்
கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்,
மூன்று நிமிடம் லேட்.
தெரியும் என்றேன்,
ஈரக் கையைக் கோட்டில் துடைத்தபடி.
மூன்றுக்குத் தாள் கிடையாது.