பல்பு அணையும் வரை

பெனடிக்ட்டின் பாண் வேனில்
இப்போது எஞ்சின் இல்லை.
அந்தப் பள்ளத்தில் மோட்டார், மேலே கன்ட்ரோலர்,
பின்னால் தட்டுகளுக்கு இருந்த இடத்தில் பாதிக்கு
நூற்று நாற்பத்து நான்கு வோல்ட்.
"சாவியத் திருப்புனா ஓடணும், அவ்வளவுதானே" என்றார்.

அவ்வளவு இல்லை.
கன்ட்ரோலருக்குள் கப்பாசிட்டர்கள், வெறும் வயிறு.
ஒரேயடியாக ஊட்டினால்
கன்டாக்டரின் இரண்டு உதடும்
பொறி பறந்து ஒட்டிக்கொள்ளும்.
பிறகு சாவி வெறும் இரும்புத் துண்டு.
அதனால் முதலில் கஞ்சி:
கன்டாக்டரைச் சுற்றிப் போகும் ஒல்லி வயரில்
ஒரு குண்டு பல்பு, அறுபது வாட்,
அஸ்மீர் வீட்டுக் குளியலறையில் கழற்றியது.

மற்ற பல்பெல்லாம் எரிந்தால் சந்தோஷம்.
இது அணைந்தால்தான்.

முதல் நாள் அணையவில்லை.
"அழகா எரியுதே" என்றார் பெனடிக்ட்.
தலவாக்கலைப் பனியைக் கண்ணாடியிலிருந்து விரட்டும் ஹீட்டரை
அஸ்மீர் கன்டாக்டருக்கு அந்தப் பக்கம் கட்டியிருந்தான்.
ஊற்ற ஊற்ற அது குடித்துக்கொண்டே இருந்தது.
கழற்றி மாற்றினான். என்னைப் பார்க்கவில்லை.

மிதியை அழுத்திக்கொண்டு சாவி போட்டால்
வேன் செவிடாக இருக்க வேண்டும்; இருந்தது.
கன்டாக்டர் சுருளுக்குக் குறுக்கே டயோடு,
பேட்டரி வாயில் ஃபியூஸ்,
அவர் முழங்காலருகே சிவப்புப் பொத்தான்.
அடித்தால் எல்லாம் சாகும்
என்று பெருமையாகச் சொன்னது நான்.

ஸ்டோருக்குக் கீழே இறக்கத்தில் அடித்துப் பார்த்தோம்.
டக்.
எல்லாம் செத்தது.
மலை சாகவில்லை.
இரண்டு மிதிக்குப் பிரேக் கேட்டது,
மூன்றாவதுக்கு மரக்கட்டை.
அஸ்மீர்தான் கைப்பிரேக்கை
இரண்டு கையாலும் இழுத்தான்.
தேயிலைக் கான் விளிம்பில் ஒரு டயர் நின்று சுற்றியது.

பிரேக் பம்பை நான்
பொத்தானுக்குப் பின்னால் கட்டியிருந்தேன்.
இரண்டு யார் வயர் மிச்சமாகும் என்று.

யாரும் ஏசவில்லை. அது மோசம்.

ராத்திரி புது வயர் இழுத்தேன்,
பன்னிரண்டு வோல்ட், தனி ஃபியூஸ்,
பொத்தான் எட்டாத வழி.
பொத்தானை அடித்தேன். பம்ப் முனகியது.
இன்னொரு முறை.
பிறகு எத்தனை முறை என்று எண்ணவில்லை.

காலை நாலரை. தட்டுகள் ஏறின, சூடாக.
பெனடிக்ட் சாவியைத் திருப்பினார்.
பல்பு மஞ்சளாகி, செம்பாகி,
கம்பி மட்டும் தெரிந்து,
அதுவும் போனது.
நாங்கள் மூவரும் இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

டக்.

"போங்க" என்றேன்.
"மெதுவா."