கொட்டலேது

பேரணாம்பட்டில் ஆளுக்கு மூணு இட்லி,
செக்போஸ்ட்டில் ஒரு கையெழுத்து,
அப்புறம் மலைப்பாதை.
டெம்போவில் நாலு பேனல், ரெண்டு பேட்டரி,
உடையாமல் இருக்க வைக்கோல்,
வைக்கோல் மேல் நானும் யாதவியும்.
நார்வேயின் வடகோடியிலிருந்து வந்தவள்.
வெளிநாட்டுக்காரி என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தேன்.
அவளோ “கதைப்பம்” என்கிறாள்,
மலையைப் பார்த்து “வடிவாய்க் கிடக்கு” என்கிறாள்.
முதல் தெலுங்குப் பலகை வந்ததும்
எழுத்துத் தெரியாமல் நான்தான் முழித்தேன்.

நாலு நாள் லீவு. சம்பளம் கிடையாது.
ஏன் வந்தாய் என்று அவள் கேட்டதற்கு
வாயில் வந்ததைச் சொல்லிவைத்தேன்.
வருஷம் பூரா ஏசிக்கு ஒயர் இழுக்கிறவன்.
மூணு ஏசி இருக்கும் வீட்டில் நாலாவதற்கு.

ரெண்டு அறை, முப்பத்தொரு பிள்ளைகள்.
இறக்கும்போது ஓடிவந்து சூழ்ந்தார்கள்.
“சோலார்” என்று வாத்தியார் கங்குலப்பா சொன்னதுதான்,
வட்டம் அப்படியே பின்னால் போனது.

அந்த ஊரில் சோலார் என்றால் வேலி.
ராகிக் கொல்லைக்கு அந்தப்பக்கம்
யானைக்காகக் கட்டிய கம்பி.
டக், டக் என்று ராத்திரியெல்லாம் துடிப்பது.
திம்மக்காவின் கன்று போன மாசம்
அதைத் தொட்டுத்தான் நாலடி தள்ளி விழுந்தது.
பிள்ளைங்க தலைக்கு மேல அதையா கட்டுவீங்க?
மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு
திம்மக்கா முதலில் போனாள்.

மறுநாள் வருகைப் பதிவேட்டில்
முப்பத்தொரு ஆப்செண்ட்.
சிவப்புப் பேனாவைக் கங்குலப்பா மூடவே இல்லை.
நாங்கள் தெற்குப் பார்த்து, பதிமூணு டிகிரி சாய்த்து,
ஓட்டை போட்டு, போல்ட் முறுக்கி,
யாரும் வராத பள்ளிக்கூடத்துக்குச்
சுவிட்ச் பலகை மாட்டினோம்.

உச்சிவெயிலில் ஏணியில் ஒரு தலை.
ஹேமாத்ரி, ஐந்தாம் வகுப்பு.
அவனுக்காகவே யாதவி உள்ளங்கையைப் பேனலில் வைத்தாள்.
“ஐயோ அம்மா!” என்று கையை உதறினாள்.
ஏணியில் தலை இல்லை.

சிவந்த கையைக் காட்டி, ஊதிக் காட்டி,
பிடி, இது அடுப்புச் சூடு மாதிரி என்று
நடித்துக் காட்டி, மறுபடி கூப்பிட்டோம்.
ஒரு விரல் வைத்தான்.
அப்புறம் கை முழுக்க.
கீழே பார்த்துக் கத்தினான்:
“காலுத்துந்தி! கொட்டலேது!”
சுடுது, அடிக்கல.
கொட்டலேது என்றதும் என் தமிழ்க் காதுக்குத்
தேள்தான் ஞாபகம் வந்தது.

சாயங்காலம் ஊரே ஏறியது.
ஏணி ஒடியும் என்று நான் பயந்தேன்.
ஆளுக்கு ஒரு தரம் தொட்டார்கள்.
கங்குலப்பா கடைசி. கைக்கடிகாரத்தைக் கழற்றி
என்னிடம் கொடுத்துவிட்டுத் தொட்டார்.

பொங்கலன்று யாதவியின் செய்தி:
“எங்கட ஊரில சூரியன் வர இன்னும் ஆறு நாள் கிடக்கு.
அங்க இண்டைக்கு எவ்வளவு?”

சங்கராந்தி லீவு. சாவி ஹேமாத்ரியிடம்.
அவன் அம்மா போனில் பிடித்தேன்.
ஓடிப்போய் மீட்டரைப் பார்த்துவந்து,
மூச்சிரைக்க, “நாலுகுன்னர” என்றான்.
பிறகு, நான் கேட்காமலே:
நேற்று ராத்திரி யானை வந்ததாம்.
பள்ளிக்கூடத்து லைட்டைப் பார்த்து நின்றதாம்.
தும்பிக்கையால் பேட்டரிப் பெட்டியை மோந்ததாம்,
கூரை வரைக்கும் நீட்டியதாம்.
“அப்புறம்?”
“கொட்டலேது.”

நாலரை யூனிட் என்று மட்டும் அவளுக்கு அனுப்பினேன்.
யானையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.