ரெண்டு ரிங்

பியூலாவின் கம்பெனிக்கு ஒரே ஒரு விதி:
போன் அடித்தால் எடுக்கக் கூடாது.

ரெண்டு ரிங். அழைத்தவர் வெட்டிவிட வேண்டும்.
காசு போகாது.
அரை நிமிடத்தில் குறுஞ்செய்தி வரும்:
"லாரி கிளம்பிவிட்டது. பத்தேகாலுக்கு உங்கள் தெரு."

அந்த லாரி என்னுடையது.
ஒன்பதாயிரம் லிட்டர், வழுக்கை விழுந்த பின் டயர்கள்.
கிளீனர் இருசப்பனுக்குக் காது மந்தம்;
ஊரே திட்டினாலும்
சிரித்துக்கொண்டே ஹோஸ் பிடிப்பான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்,
முதலில் அவளை எனக்குப் பிடிக்கவில்லை.
அதுவரை நேரம் என் சட்டைப்பையில் இருந்தது.
எந்தத் தெரு முந்தி, எந்தத் தெரு பிந்தி என்பது
ஒரு டீ, ரெண்டு பஜ்ஜி,
சில நாள் நாலாய் மடித்த ஐம்பது ரூபாய்.
விடியலிலேயே குடங்களை வரிசை போட்டு
குடம் இல்லாதவர்கள் செங்கல்லை வைத்து
வேலைக்குப் போகாமல் நிற்பார்கள்.
நான் திரும்பும் முனையையே பார்ப்பார்கள்.
மந்திரிக்குக்கூட அப்படி நிற்க மாட்டார்கள்.

கொருக்குப்பேட்டையில் பேட்டரிக் கடைக்கு மேல்
ஓர் அறை, நாலு பட்டன் போன், ஓடாத மின்விசிறி.
அங்கிருந்து இறங்கி வந்து
தீப்பெட்டி அளவில் ஒரு கருவியை
என் வண்டியில் ஒட்டினாள்.
"என்னம்மா இது?"
"நீங்க எங்க டீ குடிக்கிறீங்கன்னு சொல்லும்ணா."
சிரித்தாள்.
சிரிக்கிற விஷயமா அது?

மூன்று மாதத்தில் வரிசைகள் கரைந்தன.
செங்கல் இருந்த இடத்தில் பையன்கள்
கேரம் போர்டைப் போட்டுவிட்டார்கள்.
இட்லிக் கடை ஆரம்பித்த ஒருத்தி
"காலைல ரெண்டு மணி நேரம் மிச்சம்ணா" என்று
பார்சல் கட்டித் தந்தாள்.
காசு வாங்கிக்கொண்டுதான்.

ஒருநாள் தரமணிக்குக் கூட்டிப்போனாள், சாட்சிக்கு.
கண்ணாடிக் கட்டடம். பணம் போடுகிறவர்கள்.
ஏசி பல்லில் ஏறியது.
"எடுக்காத போனில்
எப்படிச் சம்பாதிப்பீர்கள்?" என்றார் ஒருவர்.
பியூலா படம் போட்டு விளக்கினாள்.
மேசைமேல் ஆளுக்கொரு பாட்டில் தண்ணீர்,
ரெண்டு வாய் குடித்து, மூடாமல்.
நான் அதை எண்ணிக்கொண்டிருந்தேன்.
பதினொன்று.

போன வியாழக்கிழமை
பீங்கான் தோப்பிலிருந்து முப்பத்தாறு மிஸ்டு கால்.
போனேன்.
கூவம் இருந்தது. அதன் நாற்றம் இருந்தது.
வீடுகள் இருந்த இடத்தில் ஜேசிபியின் பல் தடம்.
அப்பளமாய் ஒரு மஞ்சள் குடம்.
சுவரே இல்லாமல் ஒரு கதவு மட்டும்
பூட்டியபடி.

"இங்க ஆளே இல்லம்மா" என்றேன் போனில்.
"கால் வந்துக்கிட்டே இருக்குதேண்ணா."
அவள் மேசையில் இன்னொரு போன் அடிப்பது
எனக்கும் கேட்டது.
ரெண்டு ரிங்.
மூணு.
வெட்ட வேண்டியவர் வெட்டவில்லை.
ஆறாவதில் பியூலா தன் விதியை உடைத்தாள்.

"அக்கா, நான் வேளாங்கண்ணி.
செவ்வாக்கெழம லாரில ஏத்திட்டாங்க,
தண்ணி லாரி இல்ல, சாமான் லாரி.
இப்ப பெரும்பாக்கம். ஏழாவது மாடி.
லிப்டு பேருக்கு இருக்கு. தண்ணி மேல ஏறல.
பழக்கத்துல கால் பண்ணோம்.
உங்க மெசேஜ் கரெக்டா வருது,
பத்தேகாலுக்கு உங்க தெருன்னு.
எந்தத் தெருக்கா?"

பியூலா பேசவில்லை.
பேட்டரிக் கடையில் யாரோ இரும்பைத் தட்டும் சத்தம்.
பிறகு மெதுவாக,
"அண்ணா, டீசல் எவ்ளோ இருக்கு?"

முள் சிவப்புக்கு மேல் ஒரு நூல்.
வாழ்நாளெல்லாம் நேரத்தைப் பற்றிப் பொய் சொன்னவன்
"பாதி டேங்க் இருக்கும்மா" என்றேன்.

இருசப்பன் அதற்குள்
ஹோஸைச் சுருட்டி ஏற்ற ஆரம்பித்திருந்தான்.
அவனுக்கு எது கேட்டதோ.